பார்க்க வராதவர்களுக்காக ஒரு சுவர்: மாணவர் மையக் கண்காட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாணவர் மையக் கண்காட்சிக் குழுவில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் மாணவப் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் நம் மையத்தின் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறையைத் திறக்க வேண்டி வந்தது. ஒரு நீளமான மின்கம்பி தேடிப் போனேன். அது கிடைக்கவில்லை. மடக்கு நாற்காலிகளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த ஓவியங்கள் கிடைத்தன. எண்ணிப் பார்த்தேன், 31. சிலவற்றின் முதுகில் பெயரும் வகுப்பும் பென்சிலில் எழுதியிருந்தது. பெரும்பாலானவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டவர்கள். அவற்றுக்கு அடியில் ஒரு மரச்சட்டம், அதில் யாரோ இயற்பியல் மாணவர்கள் செய்த ஊசல், கயிறு அறுந்து கிடந்தது. அதன் மேல் ஏதோ ஒரு பண்பாட்டு வாரத்தின் அட்டை. ‘பாரம்பரிய உடை’ என்று இரண்டே சொல். யாருடைய பாரம்பரியம், எந்த உடை, எதுவும் இல்லை.

நம் மையத்தில் ஆண்டுக்கு மூன்று கண்காட்சிகள் நடக்கின்றன. பண்பாடு, அறிவியல், மாணவர் கலை. இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து நான் பார்த்தது அந்த அறையில்தான்.

நான் தாவரவியலில் ஆய்வு மாணவி. பூஞ்சைகளை நுண்ணோக்கியில் பார்த்து வரைவது என் வேலையில் பாதி. நான்கு ஆண்டுகளாக இந்தக் கண்காட்சிகளில் தன்னார்வலராக மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆணி அடித்திருக்கிறேன், பெயர்ப்பட்டியல் தட்டச்சு செய்திருக்கிறேன், ‘தொடாதீர்கள்’ என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கண்காட்சியை விழாவாக நடத்துவதை விட்டுவிட்டு, சுவரில் கொஞ்ச காலம் தங்க விடுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இப்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். முதல் நாள் காலை ரிப்பன், உரைகள், புகைப்படம். சிறப்பு விருந்தினர் முதல் நான்கு படங்களின் முன் நிற்பார், ஐந்தாவதிலிருந்து நடையின் வேகம் கூடும். மதியம் கூடம் காலி. இரண்டாம் நாள் மாலை நாலு மணிக்கே ஏணி வந்துவிடும், ஏனென்றால் மறுநாள் கூடம் வேறொரு நிகழ்ச்சிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். மூன்று மாதம் வரைந்த படத்துக்கு மொத்தம் பதினாறு மணி நேரம் சுவர். இதை நடத்துகிறவர்களின் உழைப்பைக் குறை சொல்லவில்லை. நானும் அதில் ஒருத்தி. ஆனால் இந்த முறை ஓர் அரங்குக்குப் பொருந்துகிற முறை. மாணவர் மையத்துக்குப் பொருந்தாது.

அருங்காட்சியகத்துக்குப் போகிறவர் பார்ப்பதற்கென்றே போகிறார். நேரம் ஒதுக்கி, பையை ஒப்படைத்துவிட்டு உள்ளே நுழைகிறார். மாணவர் மையத்துக்கு யாரும் படம் பார்க்க வருவதில்லை. அடையாள அட்டை புதுப்பிக்க வருகிறார்கள், நண்பனுக்காகக் காத்திருக்க வருகிறார்கள், மழைக்கு ஒதுங்குகிறார்கள், கழிப்பறை தேடி வருகிறார்கள். நம் பார்வையாளர் வழிப்போக்கர். இது குறை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அதனால்தான் ‘கூட்டம் சேர்க்க’ விழா நடத்துகிறோம். எனக்கு இதுதான் நம்மிடம் இருக்கும் ஒரே பெரிய சொத்தாகத் தெரிகிறது. எந்தப் பெரிய அருங்காட்சியகத்துக்கும் இல்லாத ஒன்று நமக்கு இருக்கிறது: அதே ஆள் நாளைக்கும் வருவார்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், பார்வையாளர்கள் ஒரு கலைப்படைப்பின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கடிகாரம் வைத்து எடுத்த கணக்கு 2001-இல் வெளியானது. உலகப் புகழ்பெற்ற படைப்புகள்தான் அவை. சராசரி 27 விநாடி. சரிபாதிப் பேர் 17 விநாடிகூட நிற்கவில்லை. தேடி வந்தவர்களே அப்படி என்றால் நம் வழிப்போக்கர் ஐந்து விநாடி பார்ப்பார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் கண்காட்சியில், போக ஒரு முறை, வர ஒரு முறை, மொத்தம் 20 விநாடி. அதே படம் ஆறு வாரம் இருந்தால்? வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இரண்டு முறை, ஆக 60 முறை. 60 முறை ஐந்து விநாடி என்றால் 300 விநாடி, அதாவது ஐந்து நிமிடம். ஒரே படத்தோடு ஐந்து நிமிடம் கழித்த பார்வையாளரை எந்த அருங்காட்சியகமும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும்.

வெறும் கணக்காகச் சொல்லவில்லை. இது ஒரு தடவை தற்செயலாக நடந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கூடத்தின் மேற்கூரை ஒழுகியது உங்களுக்கு நினைவிருக்கும். பழுது பார்க்கும்வரை எல்லா நிகழ்ச்சிகளும் ரத்து. அப்போது வெளி நடையில் மாட்டியிருந்த மாணவர் ஓவியங்களைக் கழற்ற யாருக்கும் நினைவு வரவில்லை. ஆறு வாரத்துக்கு மேல் அவை அங்கேயே இருந்தன. முதல் வாரம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் ஒரு கிழவரின் ஓவியத்துக்கு யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். ‘தாத்தாவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், வா’ என்று தொலைபேசியில் சொல்வதைக் காதால் கேட்டேன். மூன்றாம் வாரம்தான் நான் சொல்ல வந்தது நடந்தது.

அந்த வரிசையில் பெரிய சூரியகாந்தி ஓவியம் ஒன்று இருந்தது. நடுவில் விதைகள் சுருள் சுருளாக, பொறுமையாக வரையப்பட்டவை. ஒரு நாள் அதன் கீழே ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது: ‘சூரியகாந்தியில் சுருள்கள் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 55 வரும். நீங்கள் வரைந்ததில் எண்ணிப் பார்த்தேன், வரவில்லை.’ கணிதத்துறை மாணவர் யாரோ. 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 என்று முந்தைய இரண்டையும் கூட்டிக்கொண்டே போகும் ஃபிபனாச்சி வரிசையும் கீழே எழுதப்பட்டிருந்தது. நான்கு நாள் கழித்து, ஓவியம் வரைந்த பெண் பதில் ஒட்டினாள். உண்மையான பூவின் புகைப்படம், சுருள்கள் மேல் பேனாவால் எண்கள், கீழே ‘சரிதான், நான் எண்ணாமல் வரைந்துவிட்டேன்’. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் மூன்றாவது தாள், வேறு கையெழுத்து. கணினியின் முன்னோடி ஆலன் டூரிங் தன் கடைசி ஆண்டுகளில் இந்தச் சுருள்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்றும், அவர் பிறந்து நூறு ஆண்டு நிறைந்த 2012-இல் மான்செஸ்டரில் தொடங்கிய திட்டத்தில் பொதுமக்கள் வளர்த்த நூற்றுக்கணக்கான சூரியகாந்திகளை எண்ணிப் பார்த்தபோது பெரும்பாலானவை ஃபிபனாச்சிக்கு அடங்கினாலும் அடங்காதவையும் இருந்தன என்றும் அதில் இருந்தது. கடைசி வரி: ‘அதனால் ஓவியர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.’

இந்த மூன்று தாள்களைவிட நல்ல அறிவியல் கண்காட்சி எதையும் நான் இந்த மையத்தில் பார்த்ததில்லை. யாரும் திட்டமிடவில்லை. ஒரு படம் மூன்று வாரம் அசையாமல் இருந்தது, அவ்வளவுதான். கூரை சரியானதும் எல்லாவற்றையும் கழற்றினார்கள். தாள்கள் குப்பைக்குப் போயின. சூரியகாந்தி, சாமான் அறைக்கு. 31-இல் ஒன்று அது.

அப்புறம் இந்தப் பிரிவினை. பண்பாட்டு வாரத்துக்கு ஒரு குழு, அறிவியல் நாளுக்கு ஒரு குழு, ஓவியக் கண்காட்சிக்கு ஒரு குழு. ஒருவர் நடத்துவது மற்றவருக்குத் தெரியாது. நிர்வாகத்துக்கு இது வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருள்கள் அப்படிப் பிரிந்து வருவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 1970-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் கிராஃப்ட் என்ற மாணவர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு வரைபடம் சேர்த்தார். வானில் துடிக்கும் ஒரு விண்மீனிலிருந்து வந்த ரேடியோ துடிப்புகள், ஒன்றன் கீழ் ஒன்றாக 80 கோடுகள். தூரத்திலிருந்து பார்த்தால் மலைத்தொடர் போல இருக்கும். அவருக்கு அது தரவு. ஒன்பது ஆண்டு கழித்து அது ஓர் இசைத்தட்டின் உறையில் வந்து, இன்று உலகமெங்கும் சட்டைகளில் அச்சாகிறது. அணிகிறவர்களில் பாதிப் பேருக்கு அது விண்மீன் என்று தெரியாது. அந்த விண்மீன்தான் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட துடிவிண்மீன். 1967-இல் தொலைநோக்கியின் பதிவுத்தாளில் அந்தச் சிறு கிறுக்கலைக் கவனித்த ஜோசலின் பெல்லும் அப்போது ஆய்வு மாணவிதான். சரி, அந்த வரைபடம் நம்மிடம் வந்திருந்தால் எந்தக் குழுவிடம் அனுப்பியிருப்போம்? மாணவர் செய்தது, அறிவியல், பார்க்க ஓவியம். மூன்று மேசையும் ‘எங்களுடையது இல்லை’ என்று அடுத்த மேசையைக் கைகாட்டியிருக்கும்.

டிஎன்ஏவின் வடிவத்தைக் காட்டிக்கொடுத்த புகழ்பெற்ற எக்ஸ்-கதிர்ப் படத்தை 1952-இல் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் எடுத்தவர் ரேமண்ட் காஸ்லிங் என்ற ஆய்வு மாணவர். மூளை நரம்புகளை மையில் வரைந்த சாந்தியாகோ ரமோன் இ காஹால் 1906-இல் நோபல் பரிசு பெற்றார். சின்ன வயதில் அவருக்கு ஓவியராக ஆசை, தந்தை விடவில்லை. பெனிசிலினைக் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங் நிறமுள்ள பாக்டீரியாக்களைக் கொண்டு படங்களை ‘வளர்த்தவர்’. எங்கள் ஆய்வகத்திலும் இதைச் செய்கிறார்கள், ஆனால் வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2005-இல் ‘அறிவியலின் கலை’ என்று ஒரு கண்காட்சியே தொடங்கியது, ஆய்வின் போக்கில் பிறந்த படங்களுக்காக. நம் துறைகளின் கணினிகளில் அப்படி எத்தனை படங்கள் ஆய்வேட்டின் 114-ஆம் பக்கத்தில் தபால்தலை அளவில் சுருங்கிக் கிடக்கின்றன என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

ஆகவே துறைவாரியாக வேண்டாம், கேள்விவாரியாக மாட்டிப் பாருங்கள். ‘சுருள்’ என்று ஒரு கண்காட்சி. அதில் சூரியகாந்தி ஓவியம், நத்தை ஓட்டின் குறுக்குவெட்டு, பாட்டியிடம் கூடை முடையக் கற்ற மாணவியின் அரைகுறைக் கூடை, புயலின் செயற்கைக்கோள் படம். அல்லது ‘நீலம்’. அல்லது ‘அளப்பது’: கைவிரலால், கயிற்றால், லேசரால். இப்படி யோசிக்கத் தொடங்கினால் நிற்கவே மாட்டேன், அதனால் இங்கேயே நிறுத்துகிறேன்.

பண்பாட்டு வாரத்தைப் பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நாம் நல்லெண்ணத்தோடு தப்பு செய்கிறோம்.

ஓர் ஆண்டு முதலாமாண்டு மாணவி ஒருத்தி தன் வீட்டிலிருந்து ஒரு நெய்த துணி கொண்டுவந்தாள். சிறிய மொழி ஒன்றைப் பேசுகிற குடும்பம். அந்தத் துணியை எந்தத் தோளில் போடுவது என்பதில் ஒரு பொருள் இருக்கிறதாம். மறு தோளில் போட்டால் துக்க வீடு. நாங்கள் அதைப் பொம்மைக்கு அணிவித்தபோது மறு தோளில் போட்டுவிட்டோம். அவள் சொன்னாள். பொறுப்பில் இருந்தவர், ‘பரவாயில்லைம்மா, இப்படித்தான் பார்க்க அழகாக இருக்கிறது’ என்று பதில் சொன்னார். இரண்டு நாளும் அந்தப் பொம்மை துக்கம் காத்தது. அவள் இரண்டாம் நாள் வரவில்லை. நானும் அன்று பேசாமல் நின்றேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

2003-இல் யுனெஸ்கோ வகுத்த தொட்டுணர முடியாத மரபுரிமை (பாட்டு, சடங்கு, கைவினைத் திறன் போன்றவை) பற்றிய உடன்படிக்கையில் எனக்குப் பிடித்த ஒரு கூறு உண்டு. எது ஒரு சமூகத்தின் மரபு என்பதை, அந்தச் சமூகமே ‘இது எங்களுடையது’ என்று ஏற்றுக்கொள்வதை வைத்து அது வரையறுக்கிறது. வெளியே இருந்து நாம் ஒட்டும் அட்டை அங்கே செல்லாது. நம் கூடத்துக்கு இதைக் கொண்டுவருவது எளிது. பொருளைக் கொண்டுவருகிறவரே குறிப்பை எழுதட்டும், அவருடைய மொழியிலும் எழுதட்டும். எப்படி வைக்க வேண்டும் என்பதில் கடைசிச் சொல் அவருடையதாக இருக்கட்டும். புகைப்படம் எடுக்கலாமா என்று அவரிடம் கேட்போம். சில பொருள்களைக் காட்டக் கூடாது என்றால் காட்ட வேண்டாம். ‘பாரம்பரிய உடை’ என்ற அட்டையை விட, ‘என் அம்மா இதைக் கட்டிக்கொண்டுதான் வேலைக்கு முதல் நாள் போனாள், வலது ஓரத்தில் இருக்கும் தையல் பேருந்துக் கதவில் மாட்டிக் கிழிந்தது’ என்ற இரண்டு வரியை வழிப்போக்கர் நின்று படிப்பார்.

அறிவியல் பக்கம் வேறு நோய். அங்கே அட்டைகள் அதிகமாகப் பேசுகின்றன. போன அறிவியல் நாளில் ஒரு போஸ்டரில் சொற்களை எண்ணினேன், பொழுது போகாமல்தான். 900-ஐத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அருங்காட்சியகங்களில் ஒரு பொருளுக்கான குறிப்பு 50 முதல் 75 சொல்லுக்குள் இருக்கட்டும் என்பார்கள். எழுதிய மாணவனின் மேல் தப்பில்லை, ஆய்வுக்கூட்டத்துக்குச் செய்த அதே போஸ்டரைக் கொண்டுவா என்று சொன்னது நாம்தான்.

இயங்கும் மாதிரிகள் இன்னொரு கதை. முதல் நாள் மதியத்துக்குள் பாதி பழுதாகும், உடனே துணி போட்டு மூடுவோம். சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் கூடத்தை 1969-இல் தொடங்கிய இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், பார்வையாளர்கள் தொட்டு, திருப்பி, நோண்டிப் பார்ப்பதற்காகவே எல்லாவற்றையும் செய்தார். கருவிகளைச் செய்யும், பழுதுபார்க்கும் பட்டறையும் பார்வையாளர் கண்ணில் படும்படி வைத்தார். விளக்கம் சொல்ல அவர் அமர்த்தியது பள்ளி மாணவர்களை. தனக்கே இப்போதுதான் புரிந்த ஒன்றை இன்னொருவருக்குச் சொல்கிறவரிடம் ஒரு வேகம் இருக்கும். பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் ஊசல் கயிறு அறுந்தபோது அதைத் துணியால் மூடாமல், ‘நேற்று மாலை அறுந்தது. எந்த இடத்தில் அறுந்திருக்கிறது பாருங்கள். ஏன் அங்கே?’ என்று ஒரு தாளை வைத்துவிட்டு, அங்கேயே மேசை போட்டுச் சரி செய்திருக்கலாம். ஆறு வாரம் இருந்தால் அதற்கெல்லாம் நேரம் இருக்கும். இரண்டு நாளில் பழுது என்பது மானக்கேடு மட்டும்தான்.

இனி மேற்குப் பக்கக் கண்ணாடிச் சுவர். கட்டடக்கலைஞர் அதை மிகவும் நேசித்திருக்கிறார், மாலையில் உண்மையிலேயே அழகாக இருக்கிறது. அதற்கு எதிரேதான் நாம் படங்களை மாட்டுகிறோம். நீண்ட காலம் மாட்ட வேண்டும் என்று கேட்கிற நான்தான் இதையும் சொல்லியாக வேண்டும்.

நீர்வண்ணம், தாளில் வரைந்தவை, சாயமிட்ட துணி, பழைய வண்ணப் புகைப்படம், இவற்றுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். எண்ணெய் வண்ணத்துக்கு 200 வரை தாங்கும். வெட்ட வெளியின் நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். கண்ணாடி அதில் கொஞ்சம் வடிகட்டினாலும் மீதம் ஏராளம். ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போகிற கணக்கு: 100 லக்ஸில் ஐந்து மணி நேரம் என்பதும் 50 லக்ஸில் பத்து மணி நேரம் என்பதும் ஒன்றுதான். போன நிறம் திரும்பாது.

நம்ப மாட்டீர்கள் என்று ஒரு சோதனை செய்து வைத்திருக்கிறேன். சிவப்பு வண்ணத்தாள் ஒன்றைப் பாதி கறுப்பு அட்டையால் மூடி, அந்தச் சுவருக்கு எதிரே ஆறு வாரம் ஒட்டி வைத்தேன். எடுத்துப் பார்த்தால் மூடிய பாதி சிவப்பு, திறந்த பாதி இளஞ்சிவப்பு. அருங்காட்சியகங்களில் இதற்கென்றே ‘நீலக் கம்பளி’ அட்டை இருக்கிறது. வெவ்வேறு வேகத்தில் வெளுக்கும் எட்டு நீலப் பட்டைகள். எத்தனையாவது பட்டை வரை வெளுத்தது என்று பார்த்து ஒளியின் கொடுமையை அளக்கலாம். அதை வாங்கி மாணவர்களிடம் கொடுங்கள். கலைக் கண்காட்சிக்குள்ளேயே ஓர் அறிவியல் கண்காட்சி நடக்கும். அதுவரை மேற்குச் சுவருக்கு எதிரே அசல் ஓவியங்கள் வேண்டாம். அங்கே அச்சுப்படங்களும் உலோகமும் களிமண்ணும் இருக்கட்டும். படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வடக்கு நடை இருட்டு என்று யாரும் சீண்டாமல் கிடக்கிறது, நீர்வண்ணங்களுக்கு அதைப் போல ஓர் இடம் கிடைக்காது.

சின்னச் சின்ன விஷயங்களைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டரில் வந்தால் நிற்கிறவர் பலருக்கும் வசதி. குறிப்புகளை அதைவிடக் கீழே, பெரிய எழுத்தில் வைத்தால் சக்கர நாற்காலியில் வருகிறவரும் படிக்கலாம். இப்போது நம் குறிப்புகள் ஆணி அடித்தவரின் உயரத்துக்கு இருக்கின்றன. ஆணி அடித்தது நான் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

யார் தேர்ந்தெடுப்பது என்பது கடினமான கேள்வி. என் கருத்து, மாணவர்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர் மையம் 1928-இல் திறந்தது. அங்கே ஓவியக்கூடங்களை மாணவர்களின் கலைக் குழுதான் நடத்துகிறது. தேர்வு, மாட்டுதல், குறிப்பு, எல்லாமே ஒரு கல்வி என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நம் மாணவர்கள் தப்பு செய்வார்களா? செய்வார்கள். பொம்மைக்குத் துக்கம் போர்த்தியது மாணவர்கள் எடுத்த முடிவு இல்லையே.

ஆனால் தேர்வு செய்தால் நிராகரிப்பும் உண்டு. நான் எல்லாவற்றையும் மாட்டு என்று சொல்கிற ஆள் கிடையாது. வந்த படங்களில் சில, பார்த்தவுடன் கைப்பேசியில் கண்ட படத்தின் நகல் என்று தெரியும். அவற்றை வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போது காரணத்தையும் சொல்ல வேண்டும். 1863-இல் பாரிஸின் அரசு ஓவியக் கண்காட்சி நடுவர்கள் ஆயிரக்கணக்கான படைப்புகளைத் தள்ளியபோது கிளம்பிய கூச்சலில், மன்னர் மூன்றாம் நெப்போலியன் தள்ளப்பட்டவற்றைத் தனியே காட்டச் சொன்னார். பலரும் சிரிக்கத்தான் போனார்கள். அங்கே தொங்கியவர்களில் மனேயும் பிசாரோவும் விஸ்லரும் இருந்தார்கள். அங்கிருந்த மற்ற பலரும் மறக்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. நமக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. ஒரு சின்னச் சுவரை, வேண்டுமானால் கழிப்பறைக்குப் போகும் நடையை, ‘தேர்வாகாதவை’ என்று விட்டுவிடலாம். விருப்பமுள்ளவர் மாட்டிக்கொள்ளட்டும்.

மாட்டிய பின் எடுப்பது இன்னும் கடினம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கரிக்கோல் ஓவியம் ஒரே இரவில் காணாமல் போனது. யாரோ புகார் சொன்னார்களாம். என்ன புகார், யார் எடுத்த முடிவு, வரைந்தவரிடம் கேட்டார்களா, எதற்கும் பதில் வரவில்லை. சுவரில் அந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகச் சதுரமாக இருந்தது. கண்காட்சியிலேயே அதிகம் பேர் பார்த்தது அந்தச் சதுரத்தைத்தான். புகார் வரும், வராமல் இருக்காது. அதற்கு முன்பே எழுதி வைத்த விதி வேண்டும்: புகார் எழுத்தில் வரட்டும், குழு கூடட்டும், வரைந்தவர் தன் தரப்பைச் சொல்லட்டும், முடிவு காரணத்தோடு அதே இடத்தில் ஒட்டப்படட்டும். அதுவரை படம் சுவரில் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத விதி இது. வேண்டுமென்றால் நானே எழுதித் தருகிறேன்.

கடைசியாக அந்த 31. படைப்பு மாணவருக்குச் சொந்தம், மையம் கொஞ்ச நாள் வைத்திருக்கிறது, அவ்வளவே. வாங்கும்போது ஒரு ரசீது, திருப்பும்போது ஒரு கையெழுத்து, இது இல்லாததால்தான் அந்த அறை அப்படி இருக்கிறது. பட்டியல் எடுத்துவிட்டேன். பெயர் தெரிந்தவர்கள் 19 பேர். மூன்று பேரிடம் பேச முடிந்தது. ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். ஒருவர் எந்தப் படம் என்றே மறந்துவிட்டார். சூரியகாந்திக்காரி, ‘எனக்கு வேண்டாம், மாட்டி வைப்பவர் யாராவது இருந்தால் கொடுத்துவிடுங்கள்’ என்றாள். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் 1940 முதல், பருவத்துக்கு ஒரு முறை மாணவர்கள் அருங்காட்சியகத்தின் அசல் ஓவியங்களை விடுதி அறைக்கு இரவல் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நல்ல படம் கிடைக்க முதல் நாள் இரவே வரிசையில் படுத்துக்கிடக்கிறார்கள். அங்கே பிக்காசோவையே கொடுக்கிறார்கள். நம்மிடம் கேட்பாரில்லாமல் இருப்பவற்றை, வரைந்தவர்களின் சம்மதத்தோடு, நம் விடுதி அறைகளுக்கு நாம் கொடுத்துப் பார்க்கலாம்.

அடுத்த கூட்டம் வரும் மாதம் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். அதற்கு முன் ஒரு தடவை அந்த அறைக்கு வாருங்கள். சாவி காவலர் மேசையில் இருக்கிறது. விளக்கின் சுவிட்ச் உள்ளே இடது பக்கம், நாற்காலிகளுக்குப் பின்னால், கையால் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். படங்களை இப்போது முகம் தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆணி அடித்த தன்னார்வலர்களில் ஒருத்தி